இணைய நாடக வாசிப்பு: எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஜூமிலோ கூகுள் மீட்டிலோ கூடி, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாடகத்தைச் சத்தமாக வாசிக்கிறார்கள். மனப்பாடம் கிடையாது, மேக்கப் கிடையாது, ஹால் வாடகை கிடையாது. தாம்பரத்தில் இருப்பவர் ஒத்திகைக்காக மயிலாப்பூர் வரை வந்து திரும்ப வேண்டியதில்லை. பெரம்பூரில் தனியாக இருக்கும் அம்மாவும் நியூ ஜெர்சியில் இருக்கும் மகனும் ஒரே காட்சியில் மாமியார் மருமகனாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் இப்படித் தொடங்கியவர்கள் பலர். ஊரடங்கு போன பிறகும் பழக்கத்தை விடாதவர்கள் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நேரத்தில் நாடகம் போடுவது சென்னைக்குப் புதிதும் இல்லை. நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கியது 1891இல்.

ஆனால் முதல் நாளே ஏதாவது இடிக்கும். அப்படி இடிப்பவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் குழுவில் எது தெரிகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் முதலில் நெட்டைத்தான் திட்டுவார்கள். நெட் பாவம். பெரும்பாலான தொல்லை, இதை மேடை நாடகமாக நினைத்துச் செய்வதால் வருகிறது. உண்மையில் இது வானொலி நாடகத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம். சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. குரலை மட்டும் வைத்துக் கதை சொல்வதில் வரும் சிக்கல்களுக்கு வானொலிக்காரர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வழிகளில் பல இங்கேயும் அப்படியே செல்லும்.

வசனத்தின் முதல் சொல் காணாமல் போகிறது

ஒருவர் “யார் சொன்னது, நான் வருவேன் என்று?” என வாசிக்கிறார். மற்றவர்கள் காதில் “நான் வருவேன் என்று” மட்டும் விழுகிறது. அர்த்தமே தலைகீழ்.

இதற்குக் காரணம் இரண்டு. வசனம் வரும்போதுதான் மைக்கைத் திறக்கிறார்கள். விரல் பொத்தானுக்குப் போவதற்குள் வாய் பேச ஆரம்பித்துவிடுகிறது. இன்னொன்று, செயலியில் இருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி. அது மின்விசிறிச் சத்தத்தையும் நாய்க் குரைப்பையும் அடக்குவதற்காக வைத்தது. மௌனத்திலிருந்து திடீரென்று எழும் மெல்லிய குரலையும் சில சமயம் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்கிறது.

முதல் காரணத்துக்கு ஒரு விதி போதும்: காட்சியில் இருக்கும் எல்லோரும் காட்சி முடியும்வரை மைக்கைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், இல்லாதவர்கள் மியூட்டில் இருக்க வேண்டும். வசனத்துக்கு வசனம் மூடித் திறக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இரண்டாவதற்கு, ஜூமின் ஒலி அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தைக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள். கிசுகிசுப்பு, விம்மல், தாலாட்டு மாதிரி இடங்கள் வந்தால் அதுவும் போதாது. அப்போது ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் வீட்டுச் சத்தமும் சேர்ந்து போகும், ஆகவே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனோடு உட்காருங்கள்.

ஒருவர் குரல் மட்டும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் அவர் ப்ளூடூத் இயர்போனில் இருக்கிறாரா என்று பாருங்கள். மைக்கையும் சேர்த்து ஓட்டும்போது பல ப்ளூடூத் இயர்போன்களின் ஒலித்தரம் விழுந்துவிடும். வயர் வைத்த பழைய இயர்போனுக்கு மாறினால் தீர்ந்தது.

ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம்

எல்லாக் குழுவிலும் வருகிற புகார் இது. நகைச்சுவை நாடகமாக இருந்தால் ஒரு ஜோக்கும் எழும்பாது.

முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். நாடகத்தை ஓரமாக வைத்துவிட்டு, இருவரை மாற்றி மாற்றி எண்ணச் சொல்லுங்கள். ஒருவர் ஒன்று, மற்றவர் இரண்டு, இப்படி இருபது வரை. எண்ணிக்கை தடையில்லாமல் ஓடினால் நெட்டில் குறையில்லை. பள்ளம் பிரதியைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது. எண்ணுவதே தடுமாறினால்தான் நெட்டைச் சந்தேகிக்கலாம். அப்போது தடுமாறுகிறவர் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்காரட்டும், தன் வீடியோவை அணைக்கட்டும்.

நெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும். ஒரு பக்கமாக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. வீடியோ அழைப்பில் அதைத் தாண்டிப் போவது சாதாரணம். நீங்கள் வசனம் முடித்தது அங்கே போய்ச் சேர்ந்து, அவர் தொடங்கியது இங்கே திரும்பி வர, அரை விநாடி ஆகிவிடலாம். அதைக் கேட்பவர் மனம் பொறுத்துக்கொள்ளும். இரண்டு விநாடிப் பள்ளத்தை நெட்டின் தலையில் கட்டக் கூடாது. அது ‘அடுத்து யாரு, நானா?’ என்று தேடும் நேரம்.

அதற்கு வழி: உங்கள் வசனத்துக்கு மட்டும் நிறம் பூசினால் பாதிதான் ஆச்சு. உங்களுக்கு முந்தைய வசனத்தின் கடைசி இரண்டு சொல்லையும் அடிக்கோடிட்டு வையுங்கள். காது அந்த இரண்டு சொல்லுக்குக் காத்திருக்கட்டும். அவை காதில் விழும்போதே மூச்சை இழுத்துக்கொண்டால் வாய் தயாராக இருக்கும். வசனம் முடிந்த பிறகு மூச்சு இழுப்பதுதான் பாதிப் பள்ளம்.

அப்புறம், குறுக்கே வெட்டும் வசனம். இது தனிப் பாடம். இப்படி ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம்:

அப்பா: இந்த வீட்டை விக்கிற பேச்சே —
மகள்: யாரு விக்கச் சொன்னா? வாடகைக்கு விடச் சொன்னேன்.
அப்பா: வாடகைக்கா? வாடகைக்கு வர்றவன் —
மகள்: கொல்லையில கறிவேப்பிலை பறிப்பான். அதானே?

மேடையில் மகள் நிஜமாகவே அப்பாவின் பேச்சை வெட்டிவிடலாம். இணையத்தில் வெட்டினால் இரண்டு குரலும் மோதி, செயலி ஒன்றை அமுக்கிவிடும். இரண்டும் உருப்படியாகக் கேட்காது. அதனால் வெட்டுகிற வேலையை அப்பாவே செய்துகொள்ள வேண்டும். “பேச்சே” என்ற சொல்லில், குரலை இறக்காமல், கதவைச் சாத்தியதுபோல் நிறுத்த வேண்டும். பலர் இங்கே “பேச்சே…” என்று இழுத்துத் தேய்ந்துபோவார்கள். தேய்ந்தால் அப்பா சோகமாக இருக்கிறார் என்று ஆகிவிடும், அவர் கோபமாக அல்லவா இருக்கிறார்! மகளோ “பேச்சே” வரை காத்திருக்கக் கூடாது. “விக்கிற” காதில் விழுந்ததுமே ஆரம்பித்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் தாமதம் அந்த ஒரு சொல்லைச் சாப்பிட்டுவிடும். கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் சரியாக வெட்டியதுபோலவே இருக்கும். இந்த நான்கு வரி மாதிரி எதையாவது எடுத்து, நாடகம் தொடங்குமுன் இருவர் இருவராகப் பழகிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினையும் உண்டு. பிரதியில் ‘நீண்ட மௌனம்’ என்று இருக்கும். வாசிப்பவர் அருமையாக மௌனம் காப்பார். உடனே இன்னொருவர், “ஹலோ, சார், கேக்குதா? உங்க வாய்ஸ் வரலை” என்பார். சாவு வீட்டுக் காட்சியில் இது நடந்தால் அன்றைய வாசிப்பு அதோடு சரி. வானொலிக்காரர்கள் மௌனத்தை வெறுமையாக விடுவதில்லை. ஒரு கடிகாரச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம் என்று எதையாவது வைப்பார்கள். உங்களிடம் டவரா டம்ளர் இருக்கிறதே. மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி அதை மெதுவாக மேசைமேல் வையுங்கள். இணைப்பு அறுந்துபோகவில்லை, ஆள் பேசாமல் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும்.

எதிரொலி, அல்லது காதைக் கிழிக்கும் கீச்சு

ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு போனில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஸ்பீக்கரில் வருவதை இன்னொருவர் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஒருவர் வேறு அறைக்குப் போக வேண்டும், அல்லது இருவரும் ஒரே கருவியின் முன் உட்கார வேண்டும். ஒருவர் பேசும்போதெல்லாம் அவர் குரலே அவருக்குத் திரும்பக் கேட்டால், குற்றவாளி அவர் அல்ல. ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்திருக்கும் வேறு யாரோ. ஒவ்வொருவராக மியூட் செய்து பார்த்தால் ஆள் பிடிபடுவார்.

பாட்டும் கோஷமும் கூழாகிவிடுகின்றன

நம் நாடகங்களில் பாட்டு இல்லாமல் முடியாது, அதுவும் பழையவை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பத்துப் பேர் பத்து வீட்டிலிருந்து ஒரே தாளத்தில் பாடுவது சாதாரண வீடியோ அழைப்பில் நடக்காது. சேர்ந்து வாசிக்கும் இசைக்கலைஞர்களுக்கு இடையில் 30 மில்லி விநாடி அளவுக்குத் தாமதம் வந்தாலே தாளம் இழுபட ஆரம்பித்துவிடும். நம் அழைப்பில் இருப்பது அதைப்போல் பல மடங்கு. யார் எவ்வளவு முயன்றாலும் இது சரியாகாது, முயலவும் வேண்டாம்.

பாட்டை ஒருவர் மட்டும் பாடட்டும். மற்றவர்கள் மியூட்டில் கூடப் பாடலாம். அவரவர் வீட்டார் மட்டும் அனுபவிப்பார்கள். கும்பல் காட்சிக்கு வேறு உத்தி. “ஒழிக! ஒழிக!” என்று ஒன்றாகக் கத்தச் சொல்லாமல், ஒருவர் பின் ஒருவராகக் கத்தச் சொல்லுங்கள், ஒருவர் முன்னால், ஒருவர் கொஞ்சம் தள்ளி, ஒருவர் கடைசியாக. நிஜக் கும்பலும் ஒரே குரலில் கத்துவதில்லை. இது மேடையைவிடவே நன்றாக வரும்.

யார் பேசுகிறார்கள் என்று புரியவில்லை

திரையில் பெயரை மாற்றும் வசதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாதிப் பேர் சொந்தப் பெயரோடும் மீதிப் பேர் ‘ரெட்மி நோட்’ என்ற பெயரோடும் உட்கார்ந்திருப்பார்கள். பாத்திரப் பெயரை முதலில் போடுங்கள், சொந்தப் பெயர் வேண்டுமானால் பின்னால் வரட்டும். ஒருவர் இரண்டு பாத்திரம் எடுத்தால் காட்சி மாறும்போது பெயரையும் மாற்ற வேண்டும். குரலையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். கரகரப்பாகப் பேசிக் கஷ்டப்பட வேண்டாம். ஒரு பாத்திரத்தை வேகமாகவும் இன்னொன்றை நிதானமாகவும் வாசித்தாலே காது பிரித்துக்கொள்ளும்.

மேடைக்குறிப்புகளை வாசிக்கக் கட்டாயம் ஒரு ஆள் வேண்டும். சூத்திரதாரி என்றோ அறிவிப்பாளர் என்றோ கூப்பிட்டுக்கொள்ளுங்கள். குழுவில் நல்ல குரலுள்ள ஒருவருக்கு இதைக் கொடுங்கள், மிஞ்சிய ஆளுக்கு அல்ல. காட்சி தொடங்குமுன் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லுவார், அவர்கள் மைக்கைத் திறப்பார்கள். எல்லாக் குறிப்பையும் அவர் வாசிக்கவும் கூடாது. ‘கதவைத் தட்டும் சத்தம்’, ‘கடிதத்தைக் கிழிக்கிறாள்’ இவை வேண்டும். ‘கோபத்துடன்’, ‘புன்னகைத்து’ இவை வேண்டாம். கோபத்தைக் காட்டுவது வசனம் வாசிப்பவர் பொறுப்பு. “கோபத்துடன்” என்று அறிவித்துவிட்டால் பிறகு அவர் எதற்குக் கோபப்பட வேண்டும்?

வீடியோ வேண்டுமா வேண்டாமா என்று குழுவுக்குக் குழு வாக்குவாதம் நடக்கும். என் கட்சி இது: காட்சியில் இருப்பவர்கள் மட்டும் வீடியோவைப் போடட்டும், மற்றவர்கள் அணைக்கட்டும். ஜூமில் வீடியோ இல்லாதவர்களை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் காட்சியில் இருக்கும் மூன்று முகங்கள் மட்டும் திரையில் நிற்கும். யாராவது உள்ளே நுழையும்போது அவர் முகம் தோன்றும், வெளியேறும்போது மறையும். செலவில்லாத மேடை. கூடவே, உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாமலும் மறைத்துவிடுங்கள். தன் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே யாராலும் ஒழுங்காக அழ முடியாது.

செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது

இதற்குச் செயலியில் பொத்தான் கிடையாது. ஆனால் காரணங்கள் தெளிவானவை.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. பழக்கம் இல்லாதவர் வாசிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் கீழே இறங்கும். இறங்கி, நின்று, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி… செய்தி வாசிப்பின் ராகம் அதுதான். அடுத்த வாக்கியமும் உங்களுடையது என்றால் குரலை இறக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். மொத்த வசனத்துக்கும் ஒரே ஒரு முறை இறங்கினால் போதும்.

எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. வசனத்தில் ‘தான்’, ‘ஏ’, ‘ஆவது’, ‘கூட’, ‘உம்’ எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். “நான்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தேன்” என்பதும் “நான் அந்தப் பணத்தைத்தான் கொடுத்தேன்” என்பதும் வேறு வேறு சண்டை. எழுதியவர் எடையை எங்கே வைத்தார் என்று அந்தச் சின்ன ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும். பென்சிலால் அவற்றை வட்டமிட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். பாதி வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் குழப்பம். பழைய நாடகத்தில் “தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?” என்று இருக்கும். ஒருவர் அதை அப்படியே வாசிப்பார். எதிரே இருப்பவர், இயல்பாக இருக்கட்டும் என்று, “நான் இப்போ கிளம்பிட்டிருக்கேன்” என்று மாற்றிச் சொல்லுவார். இரண்டு நாடகம் ஒரே திரையில் ஓடுகிற மாதிரி இருக்கும். எது என்று முதலிலேயே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் எழுதியபடியே வாசிப்பதுதான் நல்லது, ஆனால் வேகமாக. செந்தமிழ் என்றதும் மரியாதை கொடுத்து மெதுவாக வாசிக்கிறார்கள், அதுதான் அதைக் கொல்கிறது. நீங்கள் வீட்டில் சண்டை போடும் வேகத்தில் அதே செந்தமிழை வாசித்துப் பாருங்கள். எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரியும்.

செய்யுள் நாடகமாக இருந்தால் இன்னும் ஒரு படி. மனோன்மணீயம் வந்ததும் 1891இல்தான், சுகுண விலாச சபை பிறந்த அதே ஆண்டு. சுந்தரம் பிள்ளை அதை மேடைக்கு என்பதைவிடப் படிப்பதற்கென்றே எழுதினார். ஆகவே வாசிப்புக் குழுவுக்குப் பொருத்தம்தான். ஆனால் புணர்ச்சியோடு சேர்ந்து நிற்கும் சீர்களை முதல் பார்வையில் பிரித்து வாசிக்க எல்லோராலும் முடியாது. சொல் பிரித்த ஒரு பிரதியை நான்கு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். அடி முடிகிற இடத்தில் நிற்காமல், கருத்து முடிகிற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஓர் அங்கத்துக்குமேல் ஒரே நாளில் வேண்டாம், நாக்கு களைத்துப்போகும்.

வட்டார வழக்கு பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லைத் தமிழ் வசனத்தை அண்ணாநகரில் பிறந்து வளர்ந்தவர் வாசித்தால் வாக்கியத்துக்கு மூன்று ‘லே’ போடுவார். அதேபோல் மெட்ராஸ் பாஷை என்றதும் ‘இன்னாபா’ என்று இழுப்பவர்களைக் கேட்டால் வியாசர்பாடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். அந்த ஊர்க்காரர் குழுவில் இருந்தால் பாத்திரத்தை அவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் எழுதியிருப்பதை எழுதியபடி, சேட்டை சேர்க்காமல் வாசியுங்கள்.

பிரதி கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அல்லது ஆளுக்கொரு பக்கம்

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கோப்பு போனில் திறக்கும்போது புரியாத கிறுக்கலாக வரும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். பழைய புத்தகத்தைப் படமெடுத்த பிடிஎஃப் என்றால் போன் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிப்பதற்குள் காட்சி போய்விடும். அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். தமிழுக்கும் வேலை செய்கிறது. பிழை இருக்கும், ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்றால் பழைய லை, ணை, றா வடிவங்களில் அது தடுமாறலாம். இளம் வாசகர்களும் அங்கே தடுமாறுவார்கள், ஆகவே திருத்துகிற வேலை வீண் போகாது.

முடிவில் எல்லோர் கையிலும் ஒரே கோப்பு, வசனத்துக்கு வசனம் எண் போட்டது, இருக்க வேண்டும். “பக்கம் 34” என்றால் போனுக்கு போன் மாறும். “வசனம் 112” மாறாது.

பிரதி எங்கே கிடைக்கும்? தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் முதலில் தேட வேண்டிய இடங்கள். உரிமை விஷயத்தில் பயப்பட வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார், ஆக அந்தக் காலம் 2024 முடிவோடு தீர்ந்தது, அவர் நாடகங்கள் எல்லோருக்கும் பொது. அண்ணா, பாரதிதாசன் நாடகங்கள் நாட்டுடைமையானவை. மற்றவர்களுடையதை உங்களுக்குள் வாசித்துக்கொள்வது ஒன்று. பணம் கொடுக்காத பார்வையாளர்களுக்காக அமெச்சூர் குழுக்கள் நடிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது வேறு. அதற்கு எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பவர்கள் நிறைய.

நடுவில் அறுந்துபோகிறது

ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம். கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். இது கோளாறு இல்லை, இடைவேளை. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து நேரம் பார்த்துப் பக்கக் கணக்கால் பெருக்கினால் எந்தக் காட்சியோடு நிறுத்தலாம் என்று தெரிந்துவிடும். காபி போட்டுக்கொண்டு அதே இணைப்பில் மறுபடி வரலாம்.

கரண்ட் போவது இன்னொன்று. மின்வாரியப் பராமரிப்பு பெரும்பாலும் பகலில், முன்கூட்டியே அறிவித்துத்தான் வரும், சாயங்கால வாசிப்புக்கு அதனால் தொல்லை குறைவு. மழைக்காலத்தில்தான் சொல்லாமல் போகும். வைஃபை பெட்டிக்கென்று சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாதவர் போன் டேட்டாவுக்கு மாறும் வரை அவர் வசனத்தை அறிவிப்பாளர் எடுத்து வாசிக்க வேண்டும். வாசிப்பை நிறுத்தி “அவர் வரட்டும்” என்று காத்திருந்தால் சூடு ஆறிவிடும். போனவர் திரும்பி வந்ததும் பேசாமல் தன் வசனத்தில் ஏறிக்கொள்ளட்டும், “சாரி, எங்க ஏரியால…” என்ற விளக்கம் வேண்டாம்.

குக்கர், மிக்ஸி, டிவி சீரியல் இவற்றுக்கு வீட்டாரோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். ஆடி ஞாயிறுகளில் தெருமுனை அம்மன் கோவில் ஒலிபெருக்கியோடு உடன்படிக்கை செய்ய முடியாது. அந்த மாதத்தில் வாசிப்பை வேறு கிழமைக்கு மாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போய்க் கூழ் குடியுங்கள்.

வெளிநாட்டுக்காரர் ஒரு மணி நேரம் பிந்தி வருகிறார்

நவம்பர் மாதம் என்றால் அவர்மேல் கோபப்படாதீர்கள். சென்னையில் மாலை 6.30 என்றால் சிங்கப்பூரில் எப்போதும் இரவு 9. நியூ ஜெர்சியில் கோடையில் காலை 9, நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி காலை 8. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 9 ஆகும். அந்த இரண்டு வாரத்துக்கும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் நேரத்தைப் போட்டுவிடுங்கள், சென்னை நேரத்தை மட்டும் போடாமல் அவருடைய நேரத்தையும் சேர்த்து.

பெண் பாத்திரமே இல்லை, அல்லது ஒன்றுதான்

பழைய நாடகங்களில் இது நிறைய. சுகுண விலாச சபையில் ஆண்கள் பெண் வேடம் போட்டார்கள், ஊர் ரசித்தது. இங்கே வேடமும் கிடையாது, வெறும் குரல். ராஜாவைப் பெண் வாசிக்கட்டும். மூன்றாவது நிமிடத்துக்குமேல் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

ஆள் குறைந்துகொண்டே வருகிறது

முதல் வாரம் பன்னிரண்டு பேர், ஒரு மாதத்தில் ஐந்து பேர். எல்லோரும் “வேலை” என்பார்கள். அதை நம்ப வேண்டாம்; கீழே இருப்பவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

ஒருவரே எப்போதும் கதாநாயகன். பெரும்பாலும் குழுவைத் தொடங்கியவர், அல்லது ஒரு காலத்தில் சபா ட்ரூப்பில் நடித்தவர். அவர் நன்றாகவே வாசிப்பார், அதுதான் சிக்கல். மற்றவர்கள் அவருக்குப் பக்கவாத்தியமாகிவிடுவார்கள். காட்சிக்குக் காட்சி பாத்திரத்தை மாற்றிக் கொடுங்கள். முதல் காட்சியில் அப்பாவாக வாசித்தவர் அடுத்ததில் வேலைக்காரர். ஒரே அப்பாவை நான்கு குரலில் கேட்கும்போது அந்த அப்பாவே வேறு மாதிரி புரிவார். இது மேடையில் கிடைக்காத சுகம்.

நடுவில் நிறுத்தித் திருத்துகிறார்கள். ஒருவர் தானே முன்வந்து டைரக்டராகி, “அப்படி இல்லை மேடம், இப்படி” என்று வாசித்துக் காட்டுவார். போட்டிக்கோ மேடைக்கோ தயாராகவில்லை என்றால் திருத்தமே வேண்டாம். வயதில் மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவார்கள். “சார், நீங்க இன்னிக்கு அறிவிப்பாளர்” என்று பதவி கொடுத்துவிடுங்கள். வேலை இருக்கும், குறுக்கே பேச நேரம் இருக்காது.

கூச்சக்காரர்களை வலிந்து இழுத்தார்கள். “சும்மா கேட்கிறேன்” என்று வந்தவரிடம் பத்து நிமிடத்தில் பெரிய வசனத்தைக் கொடுத்தால் அடுத்த வாரம் வர மாட்டார். முதலில் கதவு தட்டும் வேலையைக் கொடுங்கள், உண்மையாகவே மேசையில் தட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை தபால்காரர், ஒரே வரி. பிறகு அவரே கேட்பார்.

காது மந்தமான பெரியவர் பேசாமல் விலகிவிட்டார். அவர் புகார் சொல்ல மாட்டார். அவருக்குப் பெரிய எழுத்தில் அச்செடுத்த பிரதியை வீட்டுக்கு அனுப்புங்கள். யாராவது ஒரு நாள் நேரில் போய் இயர்போனைச் செருகி, ஒலி அளவை வைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு அந்த ஒரு வருகையே பெரிது.

அப்புறம், வாசிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போய்விட்டது. சரியாக 6.30க்குத் தொடங்கி, முடிந்ததும் “ஓகே, பை” என்றால் அது அலுவலக மீட்டிங். 6.15க்கே அறையைத் திறந்து வையுங்கள், யார் வீட்டில் என்ன டிபன் என்று பேசட்டும். முடிந்த பிறகும் “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், “நன்றாக இருந்தது” என்பார்கள், அவ்வளவுதான். “இந்த நாடகத்தில் யாரை உங்க வீட்டுக்குள் விடவே மாட்டீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது மணி ஆனாலும் யாரும் போக மாட்டார்கள்.

நாடகங்கள் அலுத்துவிட்டன என்றால் நீங்களே எழுத ஆரம்பிக்கலாம். இரண்டு பக்கம், இரண்டு பாத்திரம், ஒரே இடம். அடுக்குமாடி அசோசியேஷன் கூட்டம், தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் கீழ்வீட்டு மாமியும் மேல்வீட்டுப் பையனும், வரன் பார்க்க வந்த இடத்தில் நின்றுபோன லிஃப்ட். ஒரு கட்டுப்பாடு: எழுதியவர் தன் நாடகத்தை வாசிக்கக் கூடாது, மியூட்டில் இருந்து கேட்க வேண்டும். எந்த வரியில் வாசிப்பவர் நாக்கு தடுக்குகிறதோ அந்த வரியை அவர் மாற்றி எழுத வேண்டும். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது, யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதற்காகவே அடுத்த வாரம் எல்லோரும் வந்துவிடுவார்கள்.